டான்யூப் கப்பல் பயணமும் மவுட்ஹவுசன் வதைமுகாமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்திரியா போய் வந்ததிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிறையப் பேர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் பதில் தட்டி விரல் தேய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். பாஸாவ் நகரத்திலிருந்து லின்ஸ், மெல்க், வியன்னா வழியாக புடாபெஸ்ட் வரை டான்யூப் ஆற்றில் போகும் ஒரு வாரக் கப்பல் பயணமும், வழியில் மவுட்ஹவுசனில் இருக்கும் நாஜி வதைமுகாம் நினைவிடமும்தான் இங்கே பேச்சு. கப்பல் வேண்டாம், ரயிலில் போய் நடுவில் ஒரு பகல் மட்டும் படகில் போகிறேன் என்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஜாலியாகக் கப்பலில் போகும்போது நடுவில் வதைமுகாமா? மனசு கெட்டுப்போகாதா?

கெடும். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. முதலில் நானும் இப்படித்தான் யோசித்தேன், இரண்டையும் வேறு வேறு பயணமாக வைத்துக்கொள்ளலாம் என்று. வரைபடத்தை விரித்துப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. மவுட்ஹவுசன் என்கிற ஊரே டான்யூப் கரையில்தான் இருக்கிறது, எதிர்க்கரையில் என்ஸ் ஆறு வந்து கலக்கிறது, லின்ஸிலிருந்து 20 கிலோமீட்டர் சுமார். நீங்கள் முகாமுக்குப் போனாலும் போகாவிட்டாலும் உங்கள் கப்பல் அந்த ஊரைத் தாண்டித்தான் வியன்னா போகும். பெரும்பாலும் ராத்திரியில் தாண்டும், அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

அந்த முகாம் ஏன் அங்கே வந்தது?

கல்லுக்காக. அங்கே மலைச்சரிவில் அருமையான கருங்கல் கிடைக்கும். முகாமுக்கு வெகு காலம் முன்பே வியன்னாவின் தெருக்களில் பாவிய கல் அங்கிருந்து வந்ததுதான், அந்தக் குவாரியே வியன்னா மாநகராட்சிக்குச் சொந்தமாக இருந்தது, அதனால்தான் அதற்கு வீனர் கிராபன் என்று பெயர். 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். தானே நடத்திய கல், செங்கல் கம்பெனி ஒன்றின் பெயரில் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தது. ஹிட்லரின் பெரிய பெரிய கட்டடக் கனவுகளுக்குக் கல் வேண்டும், கல் உடைக்கச் சம்பளமில்லாத ஆள் வேண்டும். அதே ஆகஸ்டில் ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமிலிருந்து முதல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

முகாமைப் பார்த்தால் ஒரு கோட்டை மாதிரி இருக்கும், பெரிய மதில், கோபுரம், எல்லாம் கருங்கல்லில். கைதிகளே உடைத்து, கைதிகளே சுமந்து, கைதிகளே கட்டியது.

1938-இலிருந்து 1945 மே 5-ஆம் தேதி அமெரிக்கப் படை வந்து சேரும்வரை, மவுட்ஹவுசன், பக்கத்திலிருக்கும் குசென், இவற்றின் பல கிளை முகாம்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 1,90,000 பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் குறைந்தது 90,000 பேர் உயிரோடு திரும்பவில்லை.

இது யூதர்களைக் கொல்வதற்கான முகாம்தானே?

ஆரம்பத்தில் அப்படி இல்லை. நம் ஆட்கள் பலர் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற அவுஷ்விட்ஸ் முகாமை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே முதலில் வந்தவர்கள் ஜெர்மனி, ஆஸ்திரியாவின் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், அப்புறம் அரசியல் கைதிகள், போலந்துக்காரர்கள், உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவின் படையிடம் தோற்று பிரான்ஸுக்கு ஓடிவந்த 7,000-க்கும் மேற்பட்ட ஸ்பெயின் குடியரசுவாதிகள், சோவியத் போர்க்கைதிகள், ரோமா மக்கள், யெகோவாவின் சாட்சிகள். நாஜி முகாம்களுக்குத் தர வரிசை ஒன்று இருந்தது, அதில் மிகக் கொடுமையான மூன்றாம் தரம் மவுட்ஹவுசனும் குசெனும். 'இவர்களைத் திருத்த முடியாது' என்று முடிவு கட்டியவர்களை அனுப்பும் இடம்.

யூதர்கள் பெருந்தொகையாக வந்தது 1944-க்குப் பிறகு, ஹங்கேரியிலிருந்தும் போலந்திலிருந்தும், அவுஷ்விட்ஸ் வழியாகவும், கடைசி மாதங்களில் வழியிலேயே பலர் சாகும்படி நடக்க வைத்த மரண அணிவகுப்புகளாகவும். ஆனால் அதற்கு முன்பு வந்த யூதர்களின் கதி இன்னும் மோசம். 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் சுமார் 400 யூத இளைஞர்களைத் தெருவில் வைத்துப் பிடித்தார்கள். அதை எதிர்த்து அந்த ஊர்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் புகன்வால்டு முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தார்கள், சில மாதங்களில் குவாரியே அவர்களை முடித்துவிட்டது. பிறகு நெதர்லாந்தில் 'மவுட்ஹவுசன்' என்ற சொல்லே பயமுறுத்தப் போதுமானதாக இருந்தது.

கப்பல் கம்பெனியே கூட்டிப் போகுமா? இல்லை நாமே போகலாமா?

சில கம்பெனிகள் லின்ஸில் கப்பல் நிற்கும் நாளில் இதை ஒரு விருப்பத் தேர்வாக வைத்திருக்கின்றன. அதே நாளில் சால்ஸ்பர்க், செஸ்கி க்ரும்லோவ் என்று வேறு தேர்வுகளும் இருக்கும், அதனால் நிறையப் பேர் சால்ஸ்பர்க் பக்கம் போய்விடுவார்கள். பயணம் பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள், 'லின்ஸில் எத்தனை மணி நேரம் நிற்கும், மவுட்ஹவுசனில் எத்தனை மணி நேரம் இருக்க விடுவீர்கள்' என்று. இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். எங்கள் கப்பலில் (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்) காலை முகாம், மத்தியானம் ஒயின் ருசி பார்ப்பது என்று ஒரே சீட்டில் அச்சடித்திருந்தார்கள், முகாமுக்கு ஒன்றேகால் மணி நேரம், ஒயினுக்கு இரண்டு மணி நேரம். நாங்கள் அதை எடுக்கவில்லை.

நீங்களே போவது கஷ்டமில்லை. லின்ஸிலிருந்து ரயில், பொதுவாக சாங்க்ட் வலெண்டினில் மாற வேண்டியிருக்கும், மவுட்ஹவுசன் ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து முகாம் மேலே மலையில், நான்கைந்து கிலோமீட்டர். இளவட்டங்கள் நடக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும், ஏற்றம். பெரியவர்கள் இருந்தால் ஸ்டேஷனில் டாக்சி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், சின்ன ஊர், முதல் நாளே லின்ஸ் ஹோட்டலில் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் லின்ஸிலிருந்தே டாக்சி, மூன்று நான்கு பேர் இருந்தால் பரவாயில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது, வழிகாட்டியோடு போவதற்கு மட்டும் பணம். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறைவு, கிளம்பும் முன்பு நினைவிடத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். மே மாதத் தொடக்கத்தில் விடுதலை நினைவுநாள் நிகழ்ச்சி நடக்கும், பல நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள். அது வேறொரு அனுபவம், ஆனால் அமைதியாகச் சுற்றிப் பார்க்க அந்த நாள் சரிப்படாது.

முதலில் முகாமா, முதலில் படகா?

என் ஓட்டு முகாமுக்கு. காலையில் முகாம், அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். மறுநாள் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை வாச்சாவ் பள்ளத்தாக்கில் படகு. 36 கிலோமீட்டர்தான், ஆற்றின் போக்கில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், எதிர்த்துப் போனால் மூன்று மணி நேரம் ஆகும். நான் கிரெம்ஸிலிருந்து எதிர்த்துப் போவதையே சிபாரிசு செய்வேன். டிக்கெட்டில் பெரிய வித்தியாசம் இல்லை, மேல்தளத்தில் ஒரு நாற்காலி பிடித்து யாரோடும் பேசாமல் உட்கார ஒரு மணி நேரம் அதிகம் கிடைக்கிறது. முகாமுக்கு மறுநாள் அது தேவைப்படும், போனால் தெரியும். இந்தப் பகல் படகுகள் சுமாராக ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான்.

முகாமில் எவ்வளவு நேரம் வேண்டும்? எதை விடக்கூடாது?

குறைந்தது மூன்று மணி நேரம். நான்கு என்றால் நல்லது.

எல்லோரும் நச்சுவாயு அறை, எரியுலை என்று நேராக அங்கே போவார்கள். அவை எங்கேயும் ஓடிப்போகாது, மெதுவாகப் பாருங்கள். நான் சொல்வது பெயர்களின் அறை. 2013-இல் திறந்தது. உள்ளே கிட்டத்தட்ட இருட்டு. இடுப்புயரத்தில் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள் மேஜை மாதிரிக் கிடைமட்டமாகப் பரந்து கிடக்கும், அவற்றில் 81,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், அவரவர் மொழியின் எழுத்தில், சிரிலிக், எபிரேயம், லத்தீன் எல்லாம் கலந்து. படிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். குனிந்தால் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிறது, பெயர்கள் அதன் மேலே ஓடுகின்றன. பெரியம்மாவுக்கு அந்த எழுத்து எதுவும் படிக்கத் தெரியாது, கண்ணாடியைத் தொடாமல் அதற்கு ஒரு விரல் மேலே கையை வைத்து வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே போனார், ரொம்ப நேரம். கூப்பிட்டேன், வரவில்லை. விட்டுவிட்டேன்.

அப்புறம் நுழைவாயிலைத் தாண்டியதும் வலப்பக்கச் சுவரைப் பாருங்கள், புதிதாக வந்தவர்களை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நிற்க வைத்த சுவர். வெளியே, எஸ்.எஸ். ஆட்களின் குடியிருப்புகள் இருந்த இடத்தில் இப்போது ஒவ்வொரு நாடும் வைத்த நினைவுச் சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. சிலது நன்றாக இருக்கும், சிலது அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் ரசனையைக் காட்டும், அவ்வளவுதான் சொல்வேன். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே ஆல்ப்ஸ் மலை தெரியும்.

மரணப் படிக்கட்டில் இறங்க முடியுமா? முட்டி வலி உள்ளவர்கள்?

குவாரியின் அடியிலிருந்து மேலே வர 186 படிகள். கைதிகள் முதுகில் கல்லோடு ஏறியது இதில்தான். மேலே ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்கள் எல்லோரும் சரிவார்கள். பக்கத்தில் ஒரு செங்குத்துப் பாறை, அதன் விளிம்பிலிருந்து ஆட்களைத் தள்ளிவிட்டு அதற்கு 'பாராசூட் வீரர்கள் சுவர்' என்று எஸ்.எஸ். ஆட்கள் கேலியாகப் பெயர் வைத்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் படிகள் போருக்குப் பிறகு செப்பனிட்டவை, அன்றைக்கு இவ்வளவு சீராக இல்லை.

படிக்கட்டைப் பாதுகாப்புக்காக மூடி வைப்பதும் உண்டு, குறிப்பாகப் பனி உறையும் காலத்தில். முட்டி வலி இருந்தால் மேலேயே நின்று பாருங்கள், அங்கிருந்தே குவாரி முழுவதும் தெரியும். கீழே இப்போது புல்லும் மரமும், தேங்கிய தண்ணீர், பறவைகள். அம்மா பார்த்துவிட்டு 'அழகா இருக்கேடா' என்று சொல்லி, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். அழகாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க முடியாது.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

14 வயதுக்கு மேல் என்பதுதான் நினைவிடத்தாரே சொல்வது, எனக்கும் அது சரியென்றே படுகிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோரில் ஒருவர் லின்ஸில் அவர்களோடு இருந்துவிடலாம்.

ஃபோட்டோ எடுக்கலாமா? சாப்பாடு?

சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம். செல்ஃபி வேண்டாம். எரியுலை முன்னால் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டிய ஒரு குடும்பத்தைப் பார்த்தேன், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், எனக்கே வெட்கமாகப் போயிற்று. சாப்பாட்டுக்குச் சின்ன கஃபே இருக்கிறது, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கையில் எதையாவது கொண்டுபோவது உத்தமம். மலைமேல் காற்று கூடுதல், ஏப்ரலில்கூட ஜாக்கெட் வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கு இது தெரியாமலா இருந்தது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முகாமின் மதிலுக்கு வெளியே சரிவில் ஒரு புல்வெளி இருக்கிறது, வழிகாட்டி சொல்லாவிட்டால் வெறும் புல் என்று தாண்டிப் போய்விடுவீர்கள். அது கால்பந்து மைதானம். எஸ்.எஸ். அணி அங்கே வட்டார லீக் ஆட்டங்கள் ஆடியது, சுற்றுவட்டார மக்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மைதானத்துக்குப் பக்கத்திலேயே நோயாளிக் கைதிகளை ஆயிரக்கணக்கில் சாகப்போட்டிருந்த பகுதி. பந்து எல்லைக்கு வெளியே போனால் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அங்கே நின்று யோசித்துப் பாருங்கள்.

1941-இல் குவாரிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த ஒரு விவசாயப் பெண் புகார் மனு கொடுத்தார். சுடப்பட்டவர்கள் உடனே சாகாமல் மணிக்கணக்கில் கிடப்பதைத் தன் வீட்டிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது, தனக்கு உடம்பு சரியில்லை, இதை நிறுத்துங்கள், இல்லையென்றால் கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள் என்று. அந்தக் கடைசிப் பகுதிக்காக அவரைத் திட்டுவதா, அந்தக் காலத்தில் மனு கொடுக்கவாவது துணிந்தாரே என்பதா, எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

1945 பிப்ரவரி 2 அதிகாலை, முகாமின் 20-ஆம் எண் கொட்டடியில் அடைபட்டிருந்த சோவியத் ராணுவ அதிகாரிகள் சுமார் 500 பேர் தப்பிக்கக் கிளம்பினார்கள். காவல் கோபுரத்தின் மேல் தீயணைப்புக் கருவியைப் பீய்ச்சி, ஈரப் போர்வையைப் போட்டு மின்வேலியைச் செயலிழக்கச் செய்து, 400-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பனி. வெறுங்கால். அடுத்த நாள்களில் எஸ்.எஸ். மட்டும் இல்லை, ஊர்க்காரர்கள் பலரும் சேர்ந்து அவர்களை வேட்டையாடினார்கள், அதற்கு 'முயல் வேட்டை' என்று பெயரே வந்துவிட்டது. பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதில் இருவரை ஷ்வெர்ட்பெர்க் பக்கம் லாங்தாலர் என்ற விவசாயக் குடும்பம் போர் முடியும்வரை தங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருந்தது. கண்டுபிடித்திருந்தால் வீட்டோடு முடித்திருப்பார்கள்.

இன்னொருவர் அன்னா பாய்ன்ட்னர், மவுட்ஹவுசன் ஊருக்குள்ளேயே இருந்தவர். முகாமின் புகைப்படப் பிரிவில் வேலை பார்த்த ஃபிரான்செஸ்க் போய்ஷ் என்ற ஸ்பெயினின் கட்டலோனியாக்காரக் கைதியும் அவருடைய தோழர்களும் எஸ்.எஸ். எடுத்த படங்களின் நெகடிவ்களைத் திருடினார்கள். வெளியே வேலைக்குப் போய்வந்த ஸ்பெயின் இளைஞர்கள் அவற்றைக் கடத்தி அன்னாவிடம் கொடுக்க, அவர் தோட்டச் சுவரின் இடுக்கில் மறைத்து வைத்தார். 1946 ஜனவரியில் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில் போய்ஷ் சாட்சி சொன்னபோது காட்டியது அந்தப் படங்களைத்தான்.

முகாமுக்குப் போக நேரமே இல்லை. கப்பலிலிருந்தே ஏதாவது பார்க்க முடியுமா?

நிறைய. கப்பலில் ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். லின்ஸில் நிபெலுங்கன் பாலத்தின் முனையில் நிற்கும் பெரிய கட்டடங்களைப் பாருங்கள், மவுட்ஹவுசன், குசென் கல் அதில் இருக்கிறது. அதற்குக் கீழே போகப் போக யிப்ஸ்-பெர்சன்பாய்க் மதகில் கப்பல் நின்று தண்ணீர் மட்டம் இறங்கும்வரை காத்திருக்கும், எல்லோரும் மேலே வந்து மதகைப் படம் எடுப்பார்கள். அதற்குப் பக்கத்தில் ஹோஃபாம்ட் பிரீல் என்ற இடத்தில் 1945 மே 2 இரவில் ஹங்கேரிய யூதர்கள் 200-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹிட்லர் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

மெல்க்கில் எல்லோரும் மடாலயத்துக்குப் போவீர்கள், போக வேண்டிய இடம்தான், அந்த நூலகம் ஒன்று போதும். அந்த மடாலயம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ராணுவக் குடியிருப்பில், 1944 ஏப்ரலிலிருந்து ஓராண்டு மவுட்ஹவுசனின் கிளை முகாம் நடந்தது. மலையைக் குடைந்து பால்பேரிங் தொழிற்சாலைக்குச் சுரங்கம் வெட்ட 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தார்கள், செத்தவர்கள் 5,000-ஐ ஒட்டி. அவர்களுடைய எரியுலைக் கட்டடம் இன்றும் நினைவிடமாக இருக்கிறது.

டியூர்ன்ஸ்டைனில் இடிந்த கோட்டையைக் காட்டி, இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192-இல் சிறை வைத்த இடம் என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். அடுத்து கிரெம்ஸ் வரும், அதன் ஒட்டுப்பகுதி ஸ்டைன், கரைக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு சிறைச்சாலை, இப்போதும் சிறைதான். 1945 ஏப்ரல் 6-ஆம் தேதி அந்தச் சிறையின் அதிகாரி கைதிகளை விடுவிக்கத் தொடங்கினார். எஸ்.எஸ்., ராணுவம், உள்ளூர் ஆயுதப் படை எல்லாம் சேர்ந்து வந்து நூற்றுக்கணக்கானவர்களைச் சிறை முற்றத்திலும் சுற்றுவட்டாரத் தெருக்களிலும் சுட்டுத் தள்ளின. 12-ஆம் நூற்றாண்டின் கைதி ஒருவருக்குக் கப்பலில் அறிவிப்பு உண்டு. இவர்களுக்கு இல்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு வாச்சாவை ரசிக்க முடியுமா?

எங்களால் முடிந்தது. ஜூலையில் ஆப்ரிகாட் பழம், அங்கே மரில்லன் என்பார்கள், கரையோரம் கூடை கூடையாக விற்கும். பெரியம்மா ஒரு கிலோ வாங்கிப் படகிலேயே தின்று தீர்த்தார். முந்தைய நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை அவர்.

கப்பல் புடாபெஸ்ட்டில் முடிகிறது. அங்கே?

அங்கே கரையிலேயே இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் அம்புச் சிலுவை என்ற ஹங்கேரிய பாசிசக் கட்சியின் ஆட்கள் யூதர்களை டான்யூப் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஆற்றுக்குள் விழும்படி சுட்டார்கள். செருப்புக்கு அப்போது விலை இருந்தது. 2005-இல் அந்தக் கரையில் 60 ஜோடி இரும்புக் காலணிகளைப் பதித்து வைத்தார்கள், குழந்தைகளின் காலணி உட்பட. சிலது நிமிர்ந்து, சிலது சாய்ந்து. உள்ளே பூ, கூழாங்கல், மழைத் தண்ணீர் கிடக்கும்.

கடைசி இரவில் கப்பல் ஒளிவெள்ளத்தில் நிற்கும் நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஒரு வலம் வரும், எல்லோர் கேமராவும் மேலே தூக்கியிருக்கும். காலணிகள் அதற்குக் கீழே, கொஞ்சம் தெற்கே, இருட்டில், தண்ணீரிலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பகலில் கரை வழியாகப் போங்கள். 2-ஆம் எண் டிராமில் வந்து நாடாளுமன்றம் பக்கத்தில் இறங்கி ஆற்றோரமாகத் தெற்கே ஐந்து நிமிடம் நடந்தால் போதும். நடுவில் வண்டிகள் வேகமாக வரும் சாலை, பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.